சடையாண்டியின் சங்கு

பதுளைக்குப் போகிற ஏற்றத்தில் ஆஸ்பத்திரி மோட்டார் நின்றுவிட்டது. டிரைவர் எவ்வளவு ஹாரன் அடித்தும் முன்னால் போன மாட்டுவண்டிகள் ஒதுங்குவதாக இல்லை. உள்ளே பிள்ளைவலியில் ஒரு பெண் துடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சாவுக்குச் சங்கு ஊதிவிட்டு மனைவி வீராயியோடு வந்துகொண்டிருந்த சடையாண்டி, மோட்டாரைப் பார்த்து நின்றார்.

"முப்பது வருசம் இருக்கும், தம்பி," என்றார் டிரைவரிடம். "இதே ரோட்டுல ஒரு பொம்பளையைக் கம்பளியில கட்டித் தூக்கிட்டுப் போனோம். முன்னால நான் சங்கு ஊதினேன். அத்தனை வண்டியும் ஒதுங்கிச்சு. துரைகூட குதிரையை விட்டு எறங்கித் தொப்பியைக் கழட்டினாரு. வழியெல்லாம் சனங்க பூப்போட்டாங்க. அப்படி ஒரு காலம்."

வீராயி பையிலிருந்த சங்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இப்பவும் ஊதுங்க."

அவர் சங்கை வாயருகே கொண்டுபோனதும், பெண்ணின் தாய் மோட்டாரிலிருந்து இறங்கி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் மக உசுரோட இருக்கா. அவளுக்குச் சாவுச் சங்கு ஊதுறியே, நீ நல்லாயிருப்பியா?"

வீராயி அவள் தோளைத் தொட்டாள்.

"அன்னைக்கும் பொணம் போகல, தாயி. இதே மாதிரி வலியில கம்பளிக்குள்ள நான்தான் கெடந்தேன். வேற எதுக்கும் வழி விடமாட்டாங்கன்னுதான் இவரு சங்கை எடுத்தாரு. புள்ள பொறந்ததும், எம்மேல போட்ட பூவை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டேன்."

தாயின் பிடி தளர்ந்தது.

"ஊதுங்கண்ணே," என்றாள். "நல்லா சத்தமா ஊதுங்க."