பிடரியில பிடிங்க

ஒரு தெருவில் ஒரு பூனை இருந்தது. குட்டி போட்ட வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகமாகிப் போனதால், தன் ஒற்றைக் குட்டியைக் கவ்விக்கொண்டு வீடு வீடாக மாறிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்த அணில் பதறிப்போய் நாயிடம் ஓடியது.

"நாயண்ணே, அவ பெத்த பிள்ளையோட கழுத்தையே கடிக்கிறா! தங்க ஒரு வீடும் கிடையாது!"

அந்தத் தெருவுக்கே நாய்தான் காவல். அது விறைப்பாக வந்து நின்றது.

"இந்தாம்மா, குட்டியை நான் கொண்டுபோறேன். இனிமே தெருக்கோடி ஆட்டக்கா கொட்டகையில வளரட்டும்."

பூனை குட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஓரடி பின்வாங்கியது.

நாய் குனிந்து குட்டியின் காதைக் கவ்வியது; குட்டி கத்தியது. வாலைக் கவ்வியது; குட்டி வீரிட்டது.

பூனைக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, பிடரியில பிடிங்க. பல்லு அழுந்தாம பிடிங்க. அப்பத்தான் அதுக்கு வலிக்காது."

நாய் அப்படியே பிடித்தது. குட்டி காலை மடக்கிக்கொண்டு, சுகமாகக் கண்ணை மூடித் தொங்கியது.

நாய் ஓரக்கண்ணால் குட்டியைப் பார்த்தது. பிறகு குட்டியை விடாமலே, "அடுத்த வீடு எந்தப் பக்கம்மா?" என்று முனகியது.

பூனை வாலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது.

மரத்திலிருந்த அணில் மறுபடி பதறியது. "அய்யய்யோ, இப்ப நாயண்ணனும் கடிக்கிறாரே!" என்று ஆட்டக்காவைத் தேடி ஓடியது.