காலிக் கப்

"கப் காலி" என்று அறிவித்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையில் பச்சைப் பேனாவால் ஒரு டிக் அடித்தார் கணவர். பதினோரு மணி, மசித்த முட்டை, அரைக் கப். மனைவி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

எடை குறைக்க அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்து ஏழு வாரம். வயிற்றை வாழைக்காய் அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். ரெண்டு ஸ்பூன் இறங்கினாலே நெஞ்சை அடைக்கிறது.

டாக்டரோ கறார். "தினம் ஆறு கப் உள்ள போகணும். சத்து ஏறலைன்னா மறுபடி அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப்தான்" என்று சொல்லிவிட்டார். டியூப் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவளுக்கு ஒழுங்காகத் தூக்கமில்லை.

கணவர் குடோன் சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருஷமாக லாரிக்குள் எட்டிப் பார்த்து, காலியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறவர். சரக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பது வேறு ஆளின் வேலை.

வீட்டிலும் அதே முறைதான். கப்பை வைப்பார், அலாரம் வைப்பார், யாரிடமாவது போன் பேசிவிட்டு வந்து எட்டிப் பார்ப்பார். வேலை நாட்களில் அவள் காலிக் கப்பைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அதை அவர் வெளியூரில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பி, பாராட்டு வாங்கிக்கொள்வார்.

"முழுங்கவே முடியலைங்க" என்றாள் ஒருநாள்.

"வாயைக் கட்டத் தெரியாமத்தானே இந்த உடம்பு வந்துச்சு. இப்போ திறன்னு சொன்னா மூடிக்கிறே" என்றார். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடமும், வாயைக் கட்டத் தெரியாதவள் என்றுதான் சொன்னார்.

அவருக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. மதிய டப்பாவை வழித்துத் துடைத்துக் கொண்டுவந்தார். இரவு சூப்பை இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கினார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் உன் கைப்பக்குவம் கூடியிருக்கு. சூப் நல்லா கெட்டியா இருக்கு."

போன வாரம் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். பொண்டாட்டி கவலையில் உடம்பு ஊதுகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பரிசோதனை. டாக்டர் அட்டவணையைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், முடி கொட்டி உச்சி வகிடு அகன்றுபோன அவள் தலையைப் பார்த்தார்.

"அட்டவணைப்படி பார்த்தா நீங்க இந்நேரம் குஸ்தி போடணும்மா. ரத்தத்துல சத்தே இல்லையே."

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருநூத்தித் தொண்ணூத்தி நாலு கப், டாக்டர். ஒண்ணுகூட பாக்கியில்லை. நானே செக் பண்ணேன்."

"அவங்க சாப்பிட்டதைப் பார்த்தீங்களா?"

"கப் காலியா இருந்துச்சே." இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பதுபோல் டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "பயப்படாம சொல்லுங்கம்மா. உண்மையைச் சொன்னா இன்னைக்கு டியூப் போடமாட்டேன், வேற வழி பார்ப்போம். கப்புல இருந்ததையெல்லாம் சிங்க்ல கொட்டிட்டீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "சாப்பாட்டைக் கொட்டுவாங்களா டாக்டர்? என் கையால ஒரு பருக்கை வீணானதில்லை. இருபது வருஷமா இவர் தட்டுல மிச்சம், பிள்ளைங்க தட்டுல மிச்சம், சட்டியில மிச்சம் எல்லாத்தையும் வீணாக்கக் கூடாதேன்னு நான்தான் சாப்பிட்டேன். அதுல வந்த உடம்புதான் இது."

கணவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் அவருடைய பெல்ட்டை ஒருமுறை பார்த்தாள்.

"இப்போ என் மிச்சத்தை இவர் சாப்பிடுறார்."