பேராசிரியரின் கொசுச் சாறு

"கொசு போச்சா இல்லையா? அதைச் சொல்லுப்பா வேலாயுதம்!"

தறிக்குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருந்த வேலாயுதம், பதில் சொல்லுமுன் குனிந்து கெண்டைக்காலில் பட்டென்று ஓர் அடி வைத்தார்.

"அது என்ன?"

"பழக்கதோஷம் சார்."

கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ராஜகோபால் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். நொச்சி, வேம்பு, ஆடாதொடை மூன்றையும் இடித்து, கெடாமலிருக்கப் படிகாரம் போட்டு அண்டாவில் காய்ச்சிய சாற்றால், காஞ்சிபுரத்து யானைக்கால் கொசுவின் வம்சத்தையே கருவறுக்கப் பிறந்தவர் தாம் என்பது அவருடைய தாழ்மையான கருத்து. கேட்டவர்க்கெல்லாம் இலவசம். இன்று சாயங்காலம் மெட்ராஸிலிருந்து சுகாதார அதிகாரி வருகிறார். ஒருத்தராவது சாட்சி சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அண்டாவைக் கவிழ்த்துவிடுவதாக மனைவி லோகாம்பாள் கெடு வைத்திருந்தாள்.

"எங்கே தெளிக்கிறே? குழியிலயா, சாக்கடையிலயா?"

"தெளிக்கிறதா? ஒரு சொட்டு வீணாக்கறதில்ல சார்!"

"அப்படிப் போடு! மத்தவங்க?"

"தெருவே டின்னைத் தூக்கிக்கினு உங்க வாசல்லதானே நிக்குது? உங்க சாறு மட்டும் இல்லேன்னா இந்தத் தை முகூர்த்தத்துக்கு நாங்க கையைப் பிசைஞ்சுக்கினு நின்னிருப்போம்."

காய்ச்சலில் படுக்காமல் நெய்கிறார்கள் என்று ராஜகோபால் பொருள் கொண்டார். அவர் கழுத்தில் ஒரு கொசு நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. அது வெளியூர்க் கொசு என்று தீர்மானித்தார்.

"இதையே அதிகாரிகிட்ட சொல்லிடுப்பா."

"மெட்ராஸ்காரர்கிட்டயா? ஐயையோ! வெளியே தெரிஞ்சுதுன்னா நாளைக்கே ஊரெல்லாம் காய்ச்ச ஆரம்பிச்சிடும் சார்!"

"காய்ச்சட்டுமே! மனித குலத்துக்கு என் காணிக்கைப்பா அது!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கண்ணாடி முன்னால் லோகாம்பாள் புதுப் பட்டுப் புடவையில் நின்றாள். மாவடுவின் பச்சை. எந்தக் கடையிலும் அவர் பார்த்திராத நிறம்.

"ஏது இது?"

"தெருவே சேர்ந்து குடுத்தாங்க. அண்டாவைக் கவுத்துடாதீங்கம்மான்னு கால்ல விழாத குறை" என்றாள் லோகாம்பாள், முந்தானையை நீவியபடி. "பட்டு நூலை உங்க சாறுல முக்கித்தான் சாயம் ஏத்தறாங்களாம், இந்தக் கலருக்கு அவ்வளவு ஆர்டராம். நாளையிலேர்ந்து ரெண்டு அண்டாவா காய்ச்சுங்க. அந்த அதிகாரியை, கொசுவுக்கு வேற ஏதாவது பாத்துக்கச் சொல்லுங்க!"