இறங்கிய சிறகுகள்

பாரிஸிலிருந்து வந்த ஓவியன் ஒக்தாவ் செய்த கோளாறு, துவைக்கும் கல்லின் மேல் மஞ்சள் தாளில் அச்சிட்ட படமாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. இங்கே துணி துவைக்கும் மஹரித்தை வரைந்தவன், மேலே மடித்துக் குத்தியிருந்த அவள் வெள்ளைத் தலைத்துணிச் சிறகுகளை அழகுக்காகத் தோளில் இறக்கி வரைந்துவிட்டான். இந்த ஊரில் விதவைகள்தான் அப்படி இறக்கிவிடுவார்கள். அவள் கணவனோ கடலில் மீன்பிடிக்கப் போய் எட்டு மாதமாகிறது; இன்னும் திரும்பவில்லை. "உயிரோட இருக்கறவருக்கே அடக்கப் பூசை வெச்சுட்டாரு நம்ம பாரிஸ் ஐயா," என்று சோப்பு நுரைக்கு நடுவிலிருந்து சிரிக்கிறாள் பக்கத்தில் துவைக்கும் கத்தெல். ஆப்பிள் கிளைகளுக்குள் வடியும் வெயில் ஈரத் துணிகளிலும் தாளிலும் ஒன்றுபோல் அசைகிறது. தெரிந்த ஒரே தொழிலிலும் மானம் போன ஒக்தாவ் மூன்றாவது முறையாகக் கேட்கிறான்: "கிழிச்சிடட்டுமா, மஹரித்?" அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, படத்திலிருக்கும் தன் தோளை மெல்லத் தொடுகிறாள். "வேணாம் ஐயா. வந்துடுவாரு, வந்துடுவாருன்னு எல்லாரும் சொல்றாங்க. அவரு வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும்."