டயர் அடுக்கு

இருட்டியதும் மைதானத்தில் என்னவோ உறுமியது. "கார் பந்தயம்! கிளம்பு," என்றது அப்பா எலி. பந்தயப் பாதையின் வளைவில் அடுக்கியிருந்த பழைய டயர்களுக்குள் மனைவியையும் குட்டியையும் உட்கார வைத்தது.

"என்னங்க, இங்க எதுக்கு டயரை அடுக்கியிருக்காங்க?" என்று கேட்டது அம்மா எலி.

"நம்மள மாதிரி ரசிகர்கள் உட்காரத்தான்டி. முதல் வரிசை!"

சற்று நேரத்தில் ஒரு கார் வழுக்கி வந்து அடுக்கில் மோதியது. மேல் டயர் எகிறி, குட்டியின் வாலை உரசி விழுந்தது. கூட்டம் விசிலடித்தது. அப்பா எலியும் அடித்தது.

"பிள்ளை நசுங்கியிருக்கும்! விசிலா அடிக்கிறீங்க?"

"அதான் ஒண்ணும் ஆகலையே. உட்காரு, இன்னும் மோதும்."

அம்மா எலி குட்டியைக் கவ்விக்கொண்டு வளைக்கு ஓடியது.

பந்தயம் முடிந்து அப்பா எலி வந்து கதவைத் தட்டியது. "திறடி, யார் ஜெயிச்சதுன்னு சொல்றேன்."

அதுவரை வெறுமனே சாத்தியிருந்த கதவில், உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.