மூன்றாவது பூச்சு

பெட்டி படுக்கையோடு கிளம்பத் தயாராக இருந்த பழைய போதகரம்மா, கடைசி நேரத்தில் மனசை மாற்றிக்கொண்டார்.

"மத்த அறையெல்லாம் ஒழிச்சுட்டேம்மா. அந்தச் சின்ன அறை மட்டும் ரெண்டு மூணு நாள் எங்கிட்ட இருக்கட்டும்."

கேட்டது பணிவாகத்தான். ஆனால் கேட்ட கையோடு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

புதிய போதகரின் மனைவிக்குச் சுருக்கென்றது. காலை வெயில் விழுகிற அறை அது. வந்ததும் வராததுமாக, இதிலேதான் படுக்கை என்று அவள் ஆசையாகச் சொல்லியிருந்தாள். சபை கொடுக்கிற வீடு. ஒரு போதகர் போனால் இன்னொருவர் வரத்தானே வேண்டும்?

இறந்துபோன பழைய போதகர், பிரசங்கம் என்று எழுந்தாலே கூடாரத்தில்தான் போய் நிற்பாராம். இந்த உலகத்தில் நமக்கு வீடு கிடையாது, கூடாரம்தான், ஆண்டவர் எப்போது சொன்னாலும் சுருட்டிக்கொண்டு கிளம்பணும் என்பாராம். சபை மூப்பர் மெச்சிக்கொண்டே சொன்னார். சொந்த மனைவி காதில் மட்டும் அது விழவில்லை போலிருக்கிறது.

கணவரிடம் பொருமித் தீர்த்தாள். அவர், நாம் மாறாத வீடா, விடு என்று சிரித்துவிட்டுப் புத்தகப் பெட்டியைப் பிரிக்கப் போய்விட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியாக இருந்த வீட்டில்தான் மகனைப் பறிகொடுத்திருந்தாள். காய்ச்சல் என்று படுத்த பிள்ளை எழுந்திருக்கவே இல்லை. இங்கே வந்து இறங்கி, முதல் பெட்டியைத் திறந்ததும் அவனுடைய சின்னச் செருப்புதான் மேலே கிடந்தது. சட்டென்று துணிக்கடியில் தள்ளினாள். நிமிர்ந்தால், எதிரே பழைய போதகரம்மா நின்றிருந்தார். ஒரு வார்த்தை ஆறுதலாகக் கேட்கவில்லை. அடுத்து அவர் கேட்டது அந்த அறையைத்தான். அதுதான் இவளுக்கு ஆறவே இல்லை.

மதியத்தில் களைப்பாய்க் கண் அசரும். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து சர், சர் என்று ஏதோ உரசுகிற சத்தம் வரும். தூக்கத்துக்குள் அது கூடாரத்துணியைக் காற்று இழுக்கிற சத்தமாகிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. நடுவில் ஒரு வெள்ளைக் கூடாரம். உள்ளே விளக்கு எரியும். வாசல் துணியை விலக்கிக்கொண்டு மகன் எட்டிப் பார்ப்பான், அன்றைக்கு இருந்த அதே உயரத்தில். அம்மா என்று கூப்பிடுவான். ஓடுவாள், ஓடுவாள், கூடாரம் கிட்ட வராது. விழித்தால் தலைக்கு மேலே வெறும் கூரையும், எங்கிருந்தோ ஓர் ஈர வாசனையும்தான்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. போய்க் கதவைத் தட்டினாள். ஒரு முகம் தெரியும் அளவுக்கு மட்டும் திறந்தது.

"அய்யா எப்பவும் கூடாரம் கூடாரம்னு சொல்வாராமே. அதைச் சுருட்ட உங்களுக்கு மனசு வரலையாம்மா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பழைய போதகரம்மா கோபப்படவில்லை. அவர் விரல்களில் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"நாளைக்கு மூத்தவன் வண்டி கொண்டுவர்றான். கிளம்பிடுவேம்மா" என்று கதவைச் சாத்தினார்.

மறுநாள் அந்த மூத்த மகன் வந்தான். நிலை இடிக்காமல் குனிந்து நுழைகிற உயரம். அவளிடம் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நேரே அந்தச் சின்ன அறைக்குள் போனான். என்ன இருந்தாலும் வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதென்று அவள் காபி கலந்து எடுத்துப் போனாள். உள்ளே அவன் குரல் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சுவத்துல இருந்த கோடெல்லாம் எங்கம்மா? வருஷா வருஷம் எங்களை நிக்கவெச்சு அப்பா உயரம் குறிச்ச கோடு?"

"வெள்ளையடிச்சுட்டேன்டா. மைக்கோடு லேசுல மறையுமா? தேய்ச்சுத் தேய்ச்சு, மூணாவது பூச்சுலதான் போச்சு."

"தம்பியோடதுமா?" அவன் குரல் உயர்ந்தது. "அவன் இருந்ததுக்குன்னு நமக்கு மிச்சம் இருந்ததே அந்த நாலு கோடுதானேம்மா."

"அவன் நிலையான வீட்டுக்குப் போயிட்டான்டா. நாமதான் இன்னும் கூடாரத்துல கிடக்கோம். கூடாரத்துச் சுவரைக் கட்டிக்கிட்டு அழ முடியுமா?"

பிறகு பழைய போதகரம்மாவின் குரல் இன்னும் தாழ்ந்தது.

"மெதுவாப் பேசு. அந்தப் பொண்ணும் புள்ளையைத் தூக்கிக் கொடுத்துட்டு வந்திருக்கு. இங்கதான் படுக்கப்போகுது. தினமும் கண்ணு முழிச்சதும், பாதியில நின்னுபோன கோட்டை அது பார்க்கணுமா?"