முனகாத தளம்

ஒரே ஒரு விரிசல் சத்தம் கேட்டாலும் தளத்தைத் தன் கையாலேயே உடைத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார் மேஸ்திரி. சொன்னது பள்ளியின் தலைமையாசிரியையிடம். முறைத்தது சோதனைக்கு வந்திருந்த இன்ஜினீயர் பெண்ணை.

அந்தப் பெண் ஏணியில் நின்று, மாடித் தளத்தின் அடிப்பக்கத்துச் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முந்தாநாள்தான் மேஸ்திரியின் தம்பி ஆள் வைத்து அடித்த வெள்ளை. சுரண்டிய இடங்களில் காசு அளவுக் கருவிகளை ஒட்டி, ஒயர்களை லேப்டாப்பில் சொருகினாள். மனிதக் காதுக்கு எட்டாத சத்தத்தையும் கான்கிரீட்டுக்குள்ளிருந்து அவை பிடித்துவிடுமாம்.

மேஸ்திரிக்கு வயிறு எரிந்தது. எங்கேயோ எவனோ கட்டிய மாடி இடிந்ததற்கு, முப்பது வருஷம் பேர் கெடாமல் தொழில் செய்தவரைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். திங்கட்கிழமை இந்த மாடியில் உட்காரப் போகும் இருநூறு பிள்ளைகளில் அவருடைய கடைக்குட்டியும் ஒருத்தி. பெற்ற பிள்ளை தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் எவனாவது மட்டமான கான்கிரீட்டைப் போடுவானா?

“கோவிச்சுக்காதீங்க ஐயா,” என்றாள் அவள், ஏணியிலிருந்து இறங்கி. “புதுத் தளம் முதல் தடவையா லோடு ஏறும்போது லேசா முனகும். அது சகஜம். ஏத்தி நிறுத்தின பிறகும் விடாம முனகினாத்தான் பயப்படணும்.”

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது போலிருந்தது அவருக்கு. “முனகுறதுக்கு என் தளம் என்ன நோயாளியா? என் தம்பி கூடவே நின்னு போட்டது. மடியில கனமில்ல, வழியில பயமில்ல. ஏத்தச் சொல்லுங்க.”

தம்பி ஆட்களை மாடிக்கு அனுப்பினான். அப்பா போன பிறகு தோளில் தூக்கி வளர்த்த தம்பி. தளம் போட்ட மறுநாளே மேஸ்திரி இன்னொரு கட்டட வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், அன்றிலிருந்து இங்கே எல்லாம் அவன் பொறுப்புதான்.

முதல் சுற்று மணல் மூட்டைகள் ஏறின. லேப்டாப் திரையில் சத்தத்தைக் காட்டும் கோடு அசையவில்லை. இரண்டாம் சுற்றில் மூட்டைகள் இரட்டிப்பாயின, அப்போதும் அசையவில்லை. மூன்றாவதும் முடிந்தபோது அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏணியில் ஏறி, ஒரு பென்சில் முனையைத் தளத்தில் அழுத்தி முறித்தாள். கோடு துள்ளிக் குதித்தது. ஆக, கருவியில் கோளாறு இல்லை.

இனி மேஸ்திரியைப் பிடிக்க முடியுமா? மூட்டை பத்தாவிட்டால் லேப்டாப்பையும் மேலே வைத்துப் பார்க்கச் சொன்னார். அவமானப்படுத்த ஆள் வேண்டுமென்றால் அடுத்த தடவை வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளும்படி தலைமையாசிரியையிடம் பொரிந்து தள்ளினார். பாவம், அந்த அம்மாள் மன்னிப்பே கேட்டுவிட்டார்.

நான்காவது சுற்றில் முழுப் பாரமும் ஏறி, ஒரு மணி நேரம் நின்றது. ஒரு முனகல்கூட இல்லை. மேஸ்திரி சான்றிதழை எடுத்து அவள் முன்னால் விசிறிப் போட்டு, கையெழுத்துப் போடச் சொன்னார்.

அவள் பேனாவைத் தொடவில்லை. இப்போது அவள் முகமும் சிவந்திருந்தது.

“இதுவரைக்கும் ஏறாத லோடு ஏறினா, எந்தப் புதுக் கான்கிரீட்டும் வாயைத் திறக்கும் ஐயா. முன்னாடியே சுமந்த லோடுன்னாத்தான் பேசாம கிடக்கும். இதைவிட அதிகமா எதையோ இது மேல ஏத்தியிருக்கீங்க. எப்ப ஏத்தினீங்க?”

மேஸ்திரிக்குக் கோபம் தலைக்கேறியது. சத்தம் வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றமா என்று எகிறினார். இங்கே ஒரு செங்கல்லைக்கூட எவனும் ஏற்றவில்லை என்று தன் பிள்ளை மேல் சத்தியம் செய்தார். சாட்சிக்குத் தம்பியைக் கூப்பிட்டார்.

தம்பி தரையைப் பார்த்தபடி வந்து நின்றான். தளம் போட்ட பத்தாம் நாள், அது முழுசாக இறுகும் முன்பே, பெருமழையில் கீழே தண்ணீர் புகுந்ததையும், நனையாமலிருக்க சிமென்ட் மூட்டை, டைல்ஸ் பெட்டி அத்தனையையும் மாடியில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்ததையும் மென்று விழுங்கிச் சொன்னான். தலைமையாசிரியை தலைக்கு மேலே பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

மேஸ்திரி விடுவதாயில்லை. தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“அடுக்கினா என்னடா? தாங்குச்சுல்ல? அதை இவங்ககிட்டச் சொல்லு.”

“விரிசல் விட்ட சத்தம் அன்னிக்கு என் காதுக்கே கேட்டுச்சு, அண்ணே.”